நரம்பெடுத்த பல்லை மூடுவதும் வெளுப்பதும்: இலங்கை மலையகத்தில் இருந்து ஒரு வழிகாட்டி

என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று இரண்டாகப் பிளந்தது ஒரு கல்யாண வீட்டில், முறுக்குக் கடித்தபோது. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வலிக்கவே இல்லை. அந்தப் பல்லுக்கு எட்டு மாதத்துக்கு முன் ரூட் கெனால், அதாவது நரம்பை எடுத்து வேரை அடைக்கும் சிகிச்சை, செய்து, மேலே வெள்ளையாக ஒரு மருந்தை வைத்து, "இது தற்காலிகம்தான் டீச்சர், மூணு கிழமைக்குள்ள வந்துருங்க" என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பரீட்சை வந்தது, மழை வந்தது, கூரைத் தகரம் மாற்ற வேண்டி வந்தது. வலி இல்லை, அதனால் நான் போகவில்லை. பிளவு வேர்வரை இறங்கிவிட்டதால் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. ரூட் கெனாலுக்குப் போன நாலு பயணமும் வீண்.

இன்னொரு பல், மேல் வரிசையில் முன்பல். உயர்தரம் படிக்கும் காலத்தில் லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டுப்) படியில் மழைக்கு வழுக்கி விழுந்து, அடிபட்டு, நரம்பு செத்துப்போய் ரூட் கெனால் செய்தது. அது உடையவில்லை, கறுத்துப்போனது. வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கும்போது நான் மட்டும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்த காலம் பத்து வருடம். அந்தப் பல்லை இரண்டு வருடத்துக்கு முன் சரியாகச் செய்துகொண்டேன்.

நான் பல் வைத்தியர் இல்லை. பள்ளிக்கூட டீச்சர். ஒரு பல்லைத் தொலைத்து ஒரு பல்லைக் காப்பாற்றிய பிறகு, டொக்டர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்ததைத்தான் இங்கே தருகிறேன். ரூட் கெனால் முடிந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை தப்பினால் காசும் போகும், சில நேரம் பல்லும் போகும்.

உள்ளே இப்போது என்ன இருக்கிறது

பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த மெல்லிய சதை இருக்கும். அது அழுகியதால்தான் இரவெல்லாம் தூங்கவிடாமல் வலித்தது. டொக்டர் பல்லில் துளை போட்டு அந்தச் சதையை எடுத்து, வேருக்குள் ஓடும் குழாய்களை ஊசி போன்ற சிறு அரங்களால் சுரண்டிக் கழுவி, அதற்குள் கட்டப்பேர்ச்சா என்ற பொருளை நிரப்பியிருக்கிறார். அதுவும் ஒரு மரத்துப் பால்தான், நம் ரப்பருக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதே பால்தான்.

பல்லைத் தாடையோடு பிடித்திருக்கும் தசைநார் இன்னும் உயிரோடு இருப்பதால், கடிக்கும்போது அழுத்தம் தெரியும். ஆனால் சூடு தெரியாது, குளிர் தெரியாது, புதிதாகச் சொத்தை விழுந்தாலும் தெரியாது. எங்கள் தோட்டத்தில் எதிர் லயத்து அத்தை ஒருவர், "நரம்பைத்தான் புடுங்கியாச்சே டீச்சர், இனி அதுக்கு என்னா வரப்போகுது?" என்று கேட்டார். வரும் அத்தை, ஆனால் சொல்லிக்கொண்டு வராது. வலிதான் நமக்கு மணி அடிக்கிற ஆள். அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பியாகிவிட்டது. இனி நாமே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் சில நாட்கள்

சிகிச்சை முடிந்த பிறகு இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஒரு கிழமைவரை, கடிக்கும்போது கூச்சமும் லேசான வலியும் இருக்கும். டொக்டர் சொன்ன அளவுக்குப் பனடோல் போட்டுக்கொண்டு, மற்றப் பக்கத்தால் மெல்லுங்கள். நாளாக ஆக வலி குறைய வேண்டும். கூடினால், அல்லது முரசு (ஈறு) வீங்கினால், திரும்பிப் போங்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் பெரிய வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

மேலே இருப்பது எந்த அடைப்பு என்று கேளுங்கள்

நாற்காலியில் இருந்து இறங்குமுன் ஒரு கேள்வி: "டொக்டர், இப்ப மேலே வச்சிருக்கிறது தற்காலிகமா, நிரந்தரமா?" கேட்காமல் வீட்டுக்கு வந்தால் என் கதைதான்.

தற்காலிக அடைப்பு சுண்ணாம்புக் கட்டி போல மங்கிய வெள்ளையாக இருக்கும். அதன் ஆயுள் கிழமைக் கணக்குதான். எச்சிலிலும் மெல்லும் அழுத்தத்திலும் தேய்ந்து, ஓரத்தில் இடைவெளி விடும். அந்த இடைவெளி வழியாக எச்சிலும் கிருமியும் மெதுவாக வேருக்குள் இறங்கும். எவ்வளவு அழகாக ரூட் கெனால் செய்திருந்தாலும், மேலே ஒழுகினால் கீழே பழுதாகும். கூரை ஒழுகும் லயத்தில் தரைக்குச் சீமெந்து பூசியது போலத்தான்.

சரி, தற்காலிக அடைப்பு விழுந்துவிட்டால்? அந்தக் கிழமையே போய் மறுபடி அடைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு, புகையிலை, கிராம்பு எண்ணெய் என்று வீட்டில் கிடைப்பதை அதற்குள் திணிக்காதீர்கள். மாதக்கணக்கில் திறந்தே கிடந்த பல் என்றால், மேலே மட்டும் மூடாமல் ரூட் கெனாலையே மறுபடி செய்யலாம் என்று டொக்டர் சொல்லக்கூடும். அது காசு பிடுங்கும் பேச்சு இல்லை. உள்ளே போன கிருமியை வைத்துப் பூட்டினால் பூட்டியதுதான் மிச்சம்.

எந்தப் பல்லுக்கு எந்த மூடி

எல்லா ரூட் கெனால் பல்லுக்கும் கிரவுன், அதாவது பல்லைத் தொப்பி போல முழுதாக மூடும் உறை, கட்டாயம் என்று சிலர் சொல்வார்கள். எதற்கும் தேவையில்லை, வெறும் பில்லிங் போதும் என்று வேறு சிலர். இரண்டும் தப்பு. பல் எங்கே இருக்கிறது, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

நரம்பு எடுத்தால் பல் காய்ந்து சுள்ளி மாதிரி ஆகிவிடும் என்று நம் ஊரில் சொல்வது உண்டு. உண்மையில் பலவீனத்துக்குப் பெரிய காரணம் சொத்தையிலும் பழைய அடைப்பிலும் போன சுவர்கள்தான். 1989இல் வந்த ஓர் ஆய்வில், பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களை வைத்து அளந்து பார்த்தார்கள். ரூட் கெனாலுக்காக நடுவில் போடும் துளையால் மட்டும் பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைந்தது. இரண்டு பக்கச் சுவரும் போகும்படி குடைந்தபோது 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பக்கத்துப் பல்லைத் தொடும் அந்த இரண்டு ஓரங்களும் இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. நிலையும் உத்தரமும் போன வீட்டில் சுவர் மட்டும் நின்றால் எத்தனை நாள் நிற்கும்?

முன்பல்லுக்கு வரும் அழுத்தம் குறைவு. அடிபட்டு நரம்பு செத்த பல், சொத்தை இல்லை, பின்பக்கம் ஒரு சிறு துளை மட்டும் என்றால் அதைக் கொம்பசிட் என்ற பல் நிறப் பொருளால் அடைத்தால் போதும். அடுக்கடுக்காக வைத்து நீல வெளிச்சம் காட்டி இறுக வைப்பார்களே, அதுதான். இப்படிப்பட்ட பல்லைச் சுற்றி அரைத்துக் கிரவுன் போடுவது நல்ல மரத்தைச் செதுக்கி மெலிய வைப்பதற்குச் சமம். யாராவது உடனே கிரவுன் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

கடைவாய்ப் பல் வேறு விஷயம். ரொட்டியும் கடலையும் அரைபடும் இடம் அது. மேலே இருக்கும் மேடுகளை ஆப்பு அடித்தது போல அழுத்தம் பிளக்கப் பார்க்கும். அந்த மேடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி மேலிருந்து மூடும் கிரவுன்தான் பெரும்பாலும் சரி. 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ரூட் கெனால் செய்து கிரவுன் போடாத பற்கள் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன. என் பல்லும் அந்தப் போடாத பக்கம்தான்.

கிரவுனுக்கு வழக்கமாக இரண்டு தடவை போக வேண்டும். முதல் நாள் பல்லைச் சுற்றி ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்வரை அரைப்பார்கள், அச்சு எடுப்பார்கள், தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் மூடி வைப்பார்கள். அச்சு பல் செய்யும் லாபுக்குப் போய்க் கிரவுன் ஆகி வரும். இரண்டாம் தடவை போகும்போது பொருத்தி ஒட்டுவார்கள். ஒட்டுவதற்கு முன் கடித்துப் பார்க்கச் சொல்வார்கள். "ம், சரி டொக்டர்" என்று மரியாதைக்குச் சொல்லிவிடாதீர்கள். ஒரு மயிரிழை உயரமாக இருந்தாலும் இரண்டு நாளில் தாடை சொல்லிவிடும், மறுபடி பஸ் ஏற வேண்டும்.

பொருள் பல வகை. முழு உலோகக் கிரவுன் மலிவு, உழைக்கும், ஆனால் மினுங்கும். பின்னால் இருக்கும் பல்லுக்கு அதில் ஒரு குறையும் இல்லை என்பது என் கட்சி. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது நடுத்தரம். வருடங்கள் போய் முரசு இறங்கினால் ஓரத்தில் சாம்பல் கோடு தெரியும். சேர்கோனியா என்ற பீங்கான் வகை உறுதியானது, பல் நிறம். அதைவிடக் கண்ணாடித் தன்மை கூடிய பீங்கான் முன்பல்லுக்கு மிக அழகு, ஆனால் அடியில் கறுத்த பல் இருந்தால் அந்தக் கறுப்பை வெளியே காட்டிக் கொடுக்கும். இந்தக் கடைசி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

மேல் பகுதி பெரும்பாலும் போய்விட்ட பல்லில், வேருக்குள் ஒரு சிறு கம்பியை நட்டு அதன் மேல் பல்லைக் கட்டி எழுப்புவார்கள். போஸ்ட் என்பார்கள். அது கட்டுமானத்தைப் பிடித்து வைக்கத்தான், பல்லுக்குப் பலம் கூட்ட இல்லை. முன்பல் என்றால் உலோகத்துக்குப் பதில் ஃபைபர் போஸ்ட் கேளுங்கள், நிறம் கெடாது. முரசுக்கு மேலே சுற்றிவர இரண்டு மில்லிமீட்டராவது சொந்தப் பல் இருந்தால்தான் கிரவுனுக்குப் பிடி கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் பிடுங்கிவிடலாம் என்று சொல்லும் டொக்டர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

பல் ஏன் கறுக்கிறது

வெளியே ஒட்டும் கறை வேறு, உள்ளே ஊறும் கறுப்பு வேறு. தேத்தண்ணிக் கறை, வெற்றிலைச் சிவப்பு, புகையிலைக் காவி எல்லாம் வெளிக் கறை. பல் சுத்தம் செய்தால் பெரும்பாலும் போகும். ரூட் கெனால் பல்லின் சாம்பல் நிறம் உள்ளே இருந்து வருவது. அடிபட்டபோது உள்ளே கசிந்த இரத்தம் சிதைந்து, பல்லின் நுண்ணிய குழாய்களில் ஊறி நிற்கும். சதையை எடுக்கும்போது மூலைகளில் கொஞ்சம் மிஞ்சினாலும் அது அழுகிக் கறுப்பாகும். வேர் அடைக்கும் பசையோ சில மருந்துகளோ மேல் அறையில் தங்கினாலும் அதே கதி. பழைய வெள்ளி அடைப்பு விட்ட உலோகக் கறை இருக்கிறதே, அது வெளுப்பு மருந்துக்குச் சுலபத்தில் இளகாது.

ஒன்று மட்டும் முதலில் தெளிவாக வேண்டும். கறுத்தது உள்ளே என்றால், வெளியே எதை எவ்வளவு தேய்த்தாலும் மாறாது. நான் பத்து வருடத்தில் எத்தனை வெளுப்புப் பற்பசை வாங்கியிருப்பேன் என்று கணக்குப் பார்த்தால் ஒரு முழு வெளுப்புச் சிகிச்சைக்கே காணும்.

உள்ளிருந்து வெளுப்பது: படிப்படியாக

முன்பல்லுக்கு வழக்கமாகச் செய்வது வோக்கிங் ப்ளீச், அதாவது நடந்து திரியும்போதே வெளுப்பது. 1961இல் இருந்து பல் வைத்திய எழுத்துகளில் இருக்கும் பழைய முறை. பல்லுக்குள்ளேயே மருந்தை வைத்து மூடி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாம் நம் வேலையைப் பார்க்க, மருந்து அதன் வேலையைப் பார்க்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

முதலில் எக்ஸ்ரே. வேர் அடைப்பு ஒழுங்காக இருக்கிறதா, வேர் நுனியில் கறுப்பு நிழல் ஏதும் உண்டா என்று பார்க்காமல் வெளுக்கத் தொடங்கக் கூடாது. ரூட் கெனாலே சரியில்லை என்றால் அதைத் திருத்திய பிறகுதான் அழகு.

பிறகு நிறம் பார்ப்பது. என் டொக்டர் மேலே எரிந்த விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளியே பனிமூட்டம். "டீச்சர், நம்ம ஊரு பனி இதுக்கு ரொம்ப நல்லது, மஞ்ச வெயில் இல்ல" என்றார். கையில் விசிறி மாதிரி ஒரு பட்டை, அதில் வரிசையாகப் பதினாறு சின்னப் பீங்கான் பற்கள். ஏ, பி, சி, டி என்று நாலு சாதி, ஒவ்வொன்றிலும் வெளிறியதில் இருந்து அடர்ந்ததுவரை. ஒவ்வொன்றாக என் பல்லோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்துப் பற்கள் ஏ3. கறுத்த பல் சி4, சாம்பல் சாதியின் கடைக்குட்டி. உதட்டுச் சாயம் போட்டிருந்தால் துடைத்துவிட்டுப் போங்கள். நிறம் பார்ப்பது தொடக்கத்திலேயே நடக்க வேண்டும். வாய் திறந்தே இருந்து பல் காய்ந்துவிட்டால், இருப்பதைவிட வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றும்.

அடுத்து, பல்லின் பின்பக்கம் இருந்த பழைய அடைப்பை எடுத்தார். கண்ணாடியில் காட்டினார். உள்ளே அடுப்படிக் கேத்தலின் அடியில் படிந்த சாயம் போலக் கறுப்பு. அதைச் சுத்தம் செய்து, கட்டப்பேர்ச்சாவை முரசு மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்தார். அதன் மேல் சீமெந்து மாதிரி ஒரு தடுப்பு, இரண்டு மில்லிமீட்டர் கனம்.

இந்தத் தடுப்புதான் முழு வேலையிலும் முக்கியம். இது இல்லாமல் வெளுப்பு மருந்து பல்லின் கழுத்துப் பக்கமாக வெளியே கசிந்தால், பின்னாளில் அந்த இடத்தில் வேரை உடம்பே அரித்துத் தின்னத் தொடங்கும் ஆபத்து உண்டு. அடிபட்ட பல்லுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட. முன்பு 30 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டை உள்ளே விட்டுச் சூடு காட்டி வெளுத்தார்கள். அப்படி வேர் அரிபட்ட பற்களைப் பார்த்த பிறகு அந்த வழக்கம் விடப்பட்டது. நீங்கள் கேட்க வேண்டியது: "டொக்டர், தடுப்பு வைக்கிறீங்கதானே? சூடு காட்ட மாட்டீங்கதானே?" நல்ல டொக்டர் கோபிக்க மாட்டார், சந்தோஷப்படுவார்.

பிறகு மருந்து. சோடியம் பெர்போரேட் தூளைத் தண்ணீரில் குழைத்து, ஈர மணல் போல ஆனதும் பல்லுக்குள் வைத்து அமுக்கி மூடினார். வலி இல்லை, ஊசியும் போடவில்லை. முதல் நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. "ஏமாந்துட்டோமோ?" என்று கண்ணாடி முன் நின்றேன். ஆறாம் நாள் காலை பல் துலக்கும்போது சாம்பல் ஒரு பக்கமாக வெளிறியிருந்தது. மூன்று நாளில் இருந்து ஒரு கிழமைக்குள் மருந்தை மாற்றுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நாலு தடவையில் முடிந்துவிடும். எனக்கு மூன்று. கடைசியில் பக்கத்துப் பல்லைவிட ஒரு பிடி வெள்ளையாகவே நிறுத்தினார், கொஞ்சம் திரும்பி வரும் என்பதால்.

விரும்பிய நிறம் வந்த அன்றே நிரந்தர அடைப்பு வைக்கக் கூடாது. மருந்து விட்டுப்போன ஒட்சிசன் பல்லுக்குள் மிஞ்சியிருக்கும், அது கொம்பசிட்டை ஒட்டவிடாது. ஒன்றிலிருந்து இரண்டு கிழமை தற்காலிக அடைப்போடு பொறுத்திருக்க வேண்டும். நிறமும் அதற்குள் நிலைக்கு வரும். அப்புறம்தான் கொம்பசிட். இந்த இடைவெளியில் என்னைப் போல எட்டு மாதம் மறந்துவிடாதீர்கள்.

இது ஆயுளுக்கும் நிற்குமா என்றால், சிலருக்கு வருடங்கள் போய்க் கொஞ்சம் மங்கும். அப்போது மறுபடி செய்யலாம். முரசுக்குக் கீழே வேர் கறுத்திருந்தால் அந்த நிழல் முழுதாகப் போகாது. பெரும்பாலானவர்களுக்கு மேலுதடு அதை மறைத்துவிடும்.

வெளுப்பு முதலில், கிரவுன் பிறகு

என் சித்தி மகள் முன்பல்லுக்குக் கிரவுன் போட்டுக்கொண்டாள். டவுனில் ஒரு தனியார் இடம், பெயர் வேண்டாம். கறுத்த பல்லை வெளுக்காமல் அப்படியே அரைத்து, அதன் மேல் அந்தக் கண்ணாடித் தன்மையுள்ள பீங்கானைப் போட்டார்கள். புதுக் கிரவுனுக்குள்ளிருந்து பழைய சாம்பல் எட்டிப் பார்த்தது. அது போதாதென்று, ஆறு மாதம் கழித்துக் கல்யாணத்துக்காக மற்றப் பற்களை வெளுத்தாள். எல்லாப் பல்லும் வெளுத்தன, கிரவுன் மட்டும் பழைய நிறத்திலேயே நின்றது. பீங்கானும் கொம்பசிட்டும் எந்த மருந்துக்கும் வெளுக்காது. கல்யாண போட்டோவில் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருப்பது வெட்கத்தினால் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் நினைத்தார்கள்.

எனவே வரிசை இது: ரூட் கெனால் சரிபார்ப்பு, உள் வெளுப்பு, மற்றப் பற்களையும் வெளுக்க ஆசையிருந்தால் அதுவும், பொறுத்திருப்பு, கடைசியில் அந்த நிறத்துக்கு ஒத்த அடைப்போ கிரவுனோ. மற்றப் பற்களுக்கு வீட்டில் போடும் முறை என்றால், உங்கள் வாய்க்கு அச்செடுத்துச் செய்த மெல்லிய தட்டில் 10 சதவீதக் கார்பமைட் பெரொக்சைட் ஜெல் வைத்து இரவில் போடச் சொல்வார்கள். கொஞ்சம் கூச்சம் வரும், நிறுத்தினால் போகும்.

எங்கே போவது, எத்தனை நாள் ஆகும்

தோட்டத்து டிஸ்பென்சரியில் இந்த வேலை நடக்காது. அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவில் காட்டுவதற்குக் காசு இல்லை. ஆனால் ரூட் கெனாலும் கிரவுனும் எல்லா இடத்திலும் செய்வதில்லை. பக்கத்து வைத்தியசாலையில் காட்டி, அவர்களால் முடியாதென்றால் பெரிய இடத்துக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்துக்குப் பெரிய இடம் என்றால் பேராதனை பல் வைத்தியப் போதனா வைத்தியசாலை. ஹட்டனில் இருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி போகும் பஸ்ஸில் ஏறினால் கண்டிக்கு முன்னாலேயே பேராதனையில் இறங்கலாம். அங்கே மாணவர்கள் விரிவுரையாளர்களின் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் எடுக்கும். ஆனால் ஒவ்வொரு படியையும் ஒருவர் வந்து சரிபார்ப்பது எனக்கு நம்பிக்கையாகவே இருந்தது.

கொழுந்து பறிப்பவர்களுக்கு ஒரு நாள் வைத்தியசாலை என்றால் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. அதனால் தொடங்குமுன் மொத்தம் எத்தனை தடவை என்று கேட்டுத் திட்டம் போடுங்கள். முன்பல் வெளுப்பு என்றால் முதல் நாள், மருந்து மாற்ற ஒன்றிலிருந்து மூன்று நாள், நிறம் வந்ததும் மருந்தை எடுத்துத் தற்காலிக அடைப்பு வைக்க ஒரு நாள், கடைசி அடைப்புக்கு ஒரு நாள். கிரவுனுக்கு இரண்டு நாள். போயா (பௌர்ணமி) விடுமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வையுங்கள். மழையில் நனைந்த எக்ஸ்ரேயோடு போய் நின்று திட்டு வாங்கியவள் சொல்கிறேன்.

தனியாரிடம் போனால், அடைப்பு, வெளுப்பு, போஸ்ட், கிரவுன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். "மொத்தமா பாத்துக்கலாம்" என்ற பேச்சு கடைசியில் நம் தலையில்தான் விடியும். அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரா என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. சந்தியில் பல் கட்டுகிறவரிடமும், முகத்துக்கு ப்ளீச் போடும் சலூனிலும் பல்லைக் கொடுக்காதீர்கள்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு சொல். பாக்கினால் வாயின் உள்பக்கம் தடித்து இறுகி, வாய் திறப்பது குறைந்துபோகும் நோய் உண்டு. வாய் திறக்காவிட்டால் கடைவாய்க்கு ரூட் கெனாலும் செய்ய முடியாது, கிரவுனும் வைக்க முடியாது. புற்றுநோய்க்கும் அது வழி. காரம் எரிகிறது, மூன்று விரல் வாய்க்குள் நுழையவில்லை என்றால் பல்லுக்கு முன் அதைக் காட்டுங்கள்.

வீட்டில் செய்யக் கூடாதவை

எலுமிச்சைச் சாறு பல்லின் மேலோடான எனாமலைக் கரைக்கும். அடுப்புக் கரியும் சாம்பலும் உப்பும் தேய்க்கும்போது பளிச்சென்று இருப்பது கறையோடு எனாமலும் போவதால்தான். எனாமல் போனால் அடியில் இருக்கும் மஞ்சள் தெரியும், பிறகு இன்னும் தேய்ப்போம். பார்மசியில் காயத்துக்கு விற்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டைப் பஞ்சில் நனைத்துப் பல்லில் வைத்த ஒருவரின் முரசு வெந்து வெள்ளையாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு பார்த்துக்கொள்வது

தேத்தண்ணியை விடச் சொன்னால் நம் ஊரில் யார் கேட்பார்கள், நானே கேட்க மாட்டேன். பால் ஊற்றிக் குடித்தால் கறை குறையும். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் தேயிலைச் சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது. பால் ஊற்றாத பிளேன்டி குடித்தால் ஒரு மிடறு தண்ணீர் கொப்பளியுங்கள். கறையைவிடப் பெரிய எதிரி சீனி. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு நாளுக்கு ஏழெட்டுத் தடவை தேத்தண்ணி குடிக்கும் பழக்கம்தான் கிரவுனின் ஓரத்தில் சொத்தையைத் தொடக்கும். கிரவுன் சொத்தையாகாது, அது உட்கார்ந்திருக்கும் பல் ஆகும். நரம்பில்லாத பல் என்பதால் கிரவுன் கழன்று கையில் வரும்வரை தெரியாது.

காலையும் இரவும் ஃபுளோரைட் பற்பசையால் முரசு ஓரம் சேர்த்துத் துலக்குங்கள், பல் இடுக்கில் நூல் விடுங்கள். சோடா மூடி திறக்க, நெல்லிக் கொட்டை உடைக்க, கரும்பு கடிக்க அந்தப் பல் வேண்டாம். ஒரு வருடத்தில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேர் நுனியில் இருந்த கறுப்பு நிழல் சிறிதாகிக்கொண்டு வர வேண்டும். முரசில் சிறு பரு மாதிரி ஒன்று வந்து உடைந்து, மறுபடி வந்தால் அது பரு இல்லை, உள்ளே இருக்கும் சீழுக்கு வாசல். வலிக்காவிட்டாலும் போய்க் காட்டுங்கள்.

என் அடுத்த எக்ஸ்ரே ஆவணி மாதம். கலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அடுப்படிக் கதவில் மாட்டியிருக்கிறேன்.